வேலை, வீடு, பிள்ளைகள், நடுவில் ஒரு பிரஷ்: மினியேச்சருக்குச் சாயம் பூசுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எனக்கு டெக்னிசியன் வேலை. மனைவி தாதி. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், மூன்று வயது மகன், எங்களோடு என் அம்மா. இத்தனை பேர் இருக்கும் மூன்றறை அடுக்குமாடி வீட்டில் ஒன்பது வருடமாகக் கட்டைவிரல் அளவுப் பொம்மைகளுக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறேன். கேண்டீனிலும் கல்யாணப் பந்தியிலும் என்னைக் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

மினியேச்சர் என்றால் எது? மொகலாயர் கால ஓவியமா?

இல்லை, அது வேறு கலை. நான் சொல்வது பலகை விளையாட்டிலும் போர் விளையாட்டிலும் மேசைமேல் நகர்த்தும் சிறு வீரர்கள், பூதங்கள், டிராகன்கள். நிற்கும் மனிதன் ஏறக்குறைய 28 முதல் 32 மில்லிமீட்டர் உயரம் இருப்பான். நம் ஊரில் பலர் இதற்குள் வருவது வார்ஹாமர் வழியாக. இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1983இல் கொண்டுவந்த விளையாட்டு அது. அதன் விண்வெளிப் பதிப்பான வார்ஹாமர் 40,000 வந்தது 1987இல். பொம்மை சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டத்தில் கை வேறு, தலை வேறாக வரும். வெட்டி, ஒட்டி, பூசுவது நம் பாடு. இங்கே பலர் முதலில் ஜப்பானின் குண்டாம் ரோபோ பொம்மை கட்டிப் பழகியவர்கள். அதில் பிளாஸ்டிக்கே நிறத்தோடு வருவதால் சாயம் பூசாவிட்டாலும் பார்க்க நன்றாக இருக்கும். இதில் பூசாவிட்டால் சாம்பல்தான்.

வேலை முடிந்து வீடு வர இரவு எட்டு மணி. இதற்கு எப்போது நேரம்?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். நானும் ஆரம்பத்தில் நேரம் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2023 ஜனவரியில் சட்டப்படி வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தபோது மூன்று மணி நேரம் கையில் வரும் என்று கணக்குப் போட்டேன். ஓ.டி. என்ற மிகைநேர வேலை வந்து அதை அப்படியே விழுங்கிவிட்டது.

பிறகு ஒரு வாரம் கைப்பேசியில் மணி பார்த்துக் குறித்தேன். சாப்பாட்டு மேசையைத் துடைப்பது, அலமாரி உச்சியிலிருந்து பெட்டி இறக்குவது, தண்ணீர் பிடிப்பது, விளக்கு மாட்டுவது, போன தடவை எந்தச் சிவப்பு பூசினேன் என்று தேடுவது, இதற்கே 25 நிமிடம். முடிந்ததும் எல்லாவற்றையும் கழுவி ஏறக்கட்ட இன்னும் 15. நடுவில் பிரஷ் பொம்மையைத் தொட்டது 20 நிமிடம்கூட இல்லை. ஒரு மணி நேரம் கிடைக்காதா என்று நான் ஏங்கியதே அதில் நாற்பது நிமிடம் வீணாகும் என்பதால்தான். அந்த நாற்பதை நான்காகக் குறைத்தால் 20 நிமிடம் போதும். 20 நிமிடம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. குழந்தை தூங்கிய பின், துணி இயந்திரம் சுற்றும்போது, அரிசி வேகும்போது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம். தீபாவளி, காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று பன்னிரண்டு வாரம் கழித்தால் மீதி 40 வாரம். மொத்தம் 4,000 நிமிடம், அதாவது 66 மணி நேரத்துக்கு மேல். பொம்மை ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் என் வேகம். வருடத்துக்கு நாற்பத்து நான்கு பொம்மை. ஒரு சிறு படைக்கு அதுவே அதிகம்.

தனி மேசை கிடையாது, தனி அறையும் கிடையாது. என்ன செய்வது?

எனக்கும் கிடையாது. எனக்கு இருப்பது ஒரு தட்டு. மாமாக் கடையில் ரொட்டி சானாய் எடுத்துவரும் அளவில், விளிம்பு உயர்ந்த ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் பூசிக்கொண்டிருக்கும் ஐந்து பொம்மை, அந்த வாரத்துக்கு வேண்டிய ஆறு சாயக் குப்பி, இரண்டு பிரஷ், மூடியுள்ள தண்ணீர்ப் புட்டி, சாயம் காயாமல் வைக்கும் ஈரத்தட்டு, கிளிப் விளக்கு. தட்டு அப்படியே மூடி போட்ட பெட்டிக்குள் போகும். எடுத்து மேசையில் வைத்தால் வேலை தொடங்கிவிட்டது. மூடினால் முடிந்துவிட்டது. மற்ற ஐம்பது குப்பிகளும் அலமாரியிலேயே கிடக்கட்டும். அவற்றைக் கண்ணில் படும்படி வைத்தால் நிறம் தேர்ந்தெடுப்பதிலேயே ராத்திரி போய்விடும்.

இன்னொரு பொருள், என்னைக் கேட்டால் பிரஷைவிட முக்கியமானது, ஒரு துண்டுச் சீட்டு. எழுந்திருக்கும் முன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வரி எழுதித் தட்டில் வைத்துவிடுவேன். ‘இடது பக்க மூவர், பெல்ட், அடர் பழுப்பு.’ களைத்த மூளையால் பூச முடியும், ஆனால் எதைப் பூசுவது என்று முடிவெடுக்க முடியாது. கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் நண்பர் ஒருவர் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைக் கடக்கும் நேரத்தில் அன்றிரவு வேலையை முடிவு செய்துவிடுவார். பாலத்தில் நெரிசல் என்றால் மறுநாள் வேலையும் தயார்.

20 நிமிடத்தில் அப்படி என்ன செய்துவிட முடியும்?

ஒரு பொம்மையை முடிக்க முடியாது. ஐந்து பொம்மைக்கு ஒரே நிறம் பூச முடியும். ஐந்து சட்டை ஒரு ராத்திரி, ஐந்து காலணி அடுத்த ராத்திரி. நீர்த்த கருஞ்சாயத்தைப் பள்ளங்களில் ஓடவிடும் வாஷ் என்ற வேலைக்குப் பத்து நிமிடமே போதும், ஆனால் அது காய அரைமணி நேரமாவது ஆகும். மழை இரவில் இன்னும் கூடும். மேசை முன் உட்கார்ந்து காத்திருப்பவனுக்கு அது வீண். பூசிவிட்டுப் படுக்கப் போகிறவனுக்கு அது இலவசம். அதனால் வாஷை எப்போதும் கடைசி வேலையாக வைப்பேன். நான் தூங்கும்போது அது காயும்.

அச்சில் வார்த்தபோது பொம்மையில் நின்ற கோட்டைச் சுரண்டுவது, மணல் ஒட்டுவது, பொம்மை நிற்கும் அடித்தட்டின் விளிம்புக்குக் கறுப்பு பூசுவது, இதெல்லாம் யாராவது பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். கண் வரைவதும் முகத்துக்கு ஒளி ஏற்றுவதும் அப்படி இல்லை. அதை விடுமுறை நாள் காலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இரவு சிப்ட் முடிந்து வந்து பூசலாமா?

பூசாதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த கை நடுங்கும். காலை ஏழரைக்கு வந்து பசியாறிவிட்டு, தூக்கம் வராமல், ஒரு தளபதியின் முகத்தில் கை வைத்தேன். அவருக்கு இன்றுவரை ஒன்றரைக் கண். இரவு சிப்ட் வாரங்களில் வேலைக்குக் கிளம்பும் முன், மாலை ஐந்தரைக்கு, பதினைந்து நிமிடம் கிடைக்கும். அதுவும் கிடைக்காத வாரம் உண்டு, பரவாயில்லை.

பிரைமர் அடித்தால் பொம்மைமேல் வெள்ளை படர்கிறது. ஸ்பிரே கெட்டுப்போனதா?

பிரைமர் என்பது சாயம் ஒட்டுவதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு. ஸ்பிரே கெடவில்லை, காற்றுதான் ஈரம். நம் ஊரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். நல்ல வெயில் அடிக்கும் மதியத்தில் அறுபது, அறுபத்தைந்துக்கு இறங்கும். ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிகிறது. அந்த ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டால் வெள்ளையாகத் தெரியும். பூசி முடித்த பின் அடிக்கும் பளபளப்பில்லாத மேல்பூச்சான மேட் வார்னிஷில் இது இன்னும் மோசம். ஒரு மாதம் உழைத்த பொம்மை ஒரு நொடியில் பனி மூடியது போல் ஆகிவிடும். அப்படி ஆகிவிட்டால் குப்பையில் போடாதீர்கள். நன்றாகக் காயவிட்டு, பளபளப்பு வார்னிஷை பிரஷால் மெல்லப் பூசிப் பாருங்கள், பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும்.

நேரமில்லாதவர்களுக்கு இதில் ஒரு யோசனை உண்டு. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை கொட்டித் தீர்க்கும். தைப்பூசம் முடிந்த கையோடு ஒரு ஞாயிறு மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, அந்த வருடம் பூசப்போகும் நாற்பது பொம்மைக்கும் ஒரே மூச்சில் பிரைமர் அடித்துவிடுகிறேன். முதலில் எல்லாப் பக்கமும் கறுப்பு. காய்ந்ததும் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளை. வெயில் விழும் இடம் வெள்ளையாகவும் நிழல் கறுப்பாகவும் தானே அமைந்துவிடும். பிறகு வருடம் முழுக்க ஸ்பிரேயைத் தொடுவதில்லை. நடுவில் புதுப் பொம்மை வந்தால் பிரஷால் பூசும் பிரைமர் இருக்கிறது. அக்ரிலிக்தான், மணம் குறைவு, மழையிலும் பூசலாம்.

எங்கே அடிப்பது என்பதும் முக்கியம். முதல் வருடம் அடுக்குமாடி நடைபாதையில் அட்டைப்பெட்டி வைத்து அடித்தேன். காற்று திரும்பியது. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) காயப்போட்டிருந்த பாஜு குரோங் உடையில் கறுப்புப் புள்ளிகள். புதுத் துணி வாங்கிக் கொடுத்து, அந்த நோன்புப் பெருநாளுக்கு முறுக்கும் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். இப்போது நண்பர் ஒருவரின் தரை வீட்டுப் பின்புறத்துக்குக் காடியில் எடுத்துப்போகிறேன். முகமூடி கட்டாயம். வீட்டுக்குள், குளியலறையில், சன்னல் பக்கத்தில் அடிப்பது வேண்டவே வேண்டாம்.

ஈரத்தட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்கிறதே?

ஈரத்தட்டு என்பது மூடியுள்ள டப்பாவில் நனைந்த ஸ்பாஞ்ச், அதன்மேல் கேக் சுடும் காகிதம், காகிதத்தின்மேல் சாயம். இப்படி வைத்தால் அக்ரிலிக் இரண்டு மூன்று நாள் காயாமல் இருக்கும். நேரம் குறைந்தவனுக்கு இது பெரிய உதவி. நேற்றுக் கலந்த அதே பழுப்பு இன்றும் ஈரமாக இருக்கும், மறுபடி கலக்க வேண்டாம். ஆனால் நம் வெப்பத்தில் நான்காம் நாள் மூடி திறந்தால் சாக்கடை வாடை. குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரும், வீட்டில் சம்மதித்தால். எங்கள் வீட்டில் தயிருக்கும் சாம்பாருக்கும் நடுவே நீலச் சாயம் உட்கார அனுமதி கிடைக்கவில்லை. எனவே காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றுகிறேன், ஞாயிறுதோறும் ஸ்பாஞ்சை வெந்நீரில் போட்டுப் பிழிகிறேன், காகிதத்தை மாற்றுகிறேன். சிலர் ஸ்பாஞ்சுக்கு அடியில் ஒரு செம்புத் துண்டு போடுகிறார்கள்.

சீக்கிரம் முடிக்க ஏதாவது குறுக்கு வழி?

உண்டு, அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. 2019இல், வார்ஹாமர் நிறுவனத்தின் சாயப் பிராண்டான சிட்டாடெல் கான்ட்ராஸ்ட் என்ற சாயத்தைக் கொண்டுவந்தது. வெளிர் பரப்பில் ஒரே கோட் பூசினால் மேட்டில் மெலிதாகவும் பள்ளத்தில் அடர்ந்தும் நின்றுவிடும். நிறமும் நிழலும் ஒரே வேலையில் முடியும். கறுப்பு பிரைமர்மேல் சாம்பல், வெள்ளை என்று உலர் பிரஷால் (சாயத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷ்) தேய்த்து மேடுகளை வெளுப்பாக்கி, அதன்மேல் இந்தச் சாயத்தை விட்டால் முக்கால் மணி நேரத்தில் ஒரு வீரன் தயார். பழைய ஆள்கள் இதைச் சோம்பேறி வேலை என்பார்கள். பூசாத ஐம்பது பொம்மையை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு எச்சரிக்கை. கான்ட்ராஸ்டைக் குட்டையாகத் தேங்கவிட்டால் ஈரமான நம் காற்றில் அது காய்வதற்குள் விளிம்பில் கறையாகிவிடும். தேங்கிய இடத்தைச் சுத்தமான பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். விசிறி தூரத்தில் ஓடட்டும், நேராக முகத்தில் வேண்டாம்.

பூசியது பிடிக்கவில்லை என்றால் டெட்டாலில் ஒரு நாள் ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அக்ரிலிக் உரிந்துவிடும். ஆனால் சாயம் முழுக்கப் போகும் முன் தண்ணீர் விட்டுவிடாதீர்கள், பிசின் போல் அப்பிக்கொள்ளும். தேய்ப்பதும் டெட்டாலிலேயே நடக்கட்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வீடு இரண்டு நாள் மருத்துவமனை போல் மணக்கும். என் மனைவிக்கு வேலை இடத்து ஞாபகம் வந்து எரிச்சல்.

எந்த பிரஷ் வாங்கலாம்?

ஒரே ஒரு நல்ல பிரஷ், அளவு 1. நுனி கூராக இருந்தால் அதிலேயே கண்ணும் வரையலாம். 000 என்று போட்ட மெல்லிய பிரஷில் சாயம் பொம்மைக்குப் போகும் வழியிலேயே காய்ந்துவிடும். கொலின்ஸ்கி என்ற சைபீரிய வீசலின் (கீரி போலத் தோன்றும் சிறு விலங்கு) முடியால் செய்தவை நுனி கலையாமல் நிற்கும். 1866இல் விக்டோரியா அரசிக்காகச் செய்யப்பட்ட வின்சர் அண்ட் நியூட்டனின் 7ஆம் வரிசை பிரஷைத்தான் இன்றும் பலர் வைத்திருக்கிறார்கள். விலை கடிக்கும். புதிதாகத் தொடங்குபவருக்குச் செயற்கை முடி போதும். உலர் பிரஷ் வேலைக்கு முகப்பூச்சுக் கடையில் கிடைக்கும் உருண்டை பிரஷே அருமையாக உழைக்கிறது.

மலாய் நண்பர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்து பூசுவதாக இருந்தால் கடின முடி பிரஷ்களின் உறையைப் படித்துவிட்டு வெளியே வையுங்கள், சில பன்றி முடி. அப்படிப்பட்ட பொருள்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற உத்தரவு மலேசியாவில் 2013 முதல் இருக்கிறது. கேட்டுவிட்டு வைப்பது மரியாதை.

வீட்டுக்காரம்மா கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

கோபித்துக்கொண்டார். நான் பொம்மைக்கு நேரம் செலவழிப்பதுதான் காரணம் என்று நினைத்தேன். ஒரு நாள் நேராகவே சொன்னார். “நீங்க உட்கார்றதுல ஒன்னும் இல்லைங்க. எப்ப எழுந்திருப்பீங்கன்னு தெரியல பாருங்க, அதுதான்.” ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்று நான் சொன்ன ஐந்து நிமிடங்களை அவர் எண்ணி வைத்திருந்தார். அன்றிலிருந்து கைப்பேசியில் மணி வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன். அடித்தால் பாதிக் காலணியோடு எழுந்துவிடுவேன்.

அவருக்கும் ஒரு நேரம் வேண்டும் அல்லவா? ஞாயிறு காலை தண்ணீர்மலைப் பக்கத்துத் தாவரவியல் பூங்காவில் தோழிகளோடு நடக்கப் போவார். அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைகள் என் பொறுப்பு, அப்போது பிரஷைத் தொடுவதில்லை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் சாப்பாட்டு மேசை முறுக்குக்கும் நெய் உருண்டைக்கும் சொந்தம். இதில் பேரம் கிடையாது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆபத்தில்லையா?

இந்தக் கேள்விக்கு மட்டும் விளையாட்டாகப் பதில் சொல்ல மாட்டேன். கத்தியும் சூப்பர் குளூவும் ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும், பூட்டி வைப்பார்கள். தெரியாத ஆபத்து காந்தம். பொம்மையின் கையை மாற்றி மாட்டவும் பெட்டியில் ஒட்டி நிற்கவும் 3 அல்லது 5 மில்லிமீட்டர் நியோடிமியம் காந்தம் பயன்படுத்துகிறோம். மிட்டாய்க்குத் தூவும் வெள்ளிக் குண்டு போலவே பளபளக்கும். குழந்தை ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடலைத் துளைத்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும், வயிற்றுவலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மகன் பிறந்ததும் என் காந்தங்களை எண்ணி ஒரு இரும்பு டப்பாவில் போட்டுத் தொழிற்சாலை லாக்கரில் வைத்துவிட்டேன். இன்னும் அங்கேதான். முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கு ஊற்றும் பிசினும் அப்படித்தான். காயாத நிலையில் தோலுக்கு ஆகாது, சின்னப் பிள்ளை உள்ள அடுக்குமாடி வீட்டில் எனக்கு அது வேண்டாம். பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். உங்கள் உடம்புக்காகச் சொல்லவில்லை. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.

மகளுக்கு ஐந்து வயதானபோது பெரிய பூதம் ஒன்றும் தடித்த பிரஷும் கொடுத்தேன். தண்ணீரில் கரையும் அக்ரிலிக், கீழே பழைய நாளிதழ். சூரனுக்கு ஊதா மீசை வைத்தாள். அதைத் திருத்தவில்லை, படைத்தலைவனாக நிறுத்திவிட்டேன். ஒரு வேண்டுகோள், பிள்ளையோடு உட்காரும் நேரத்தை உங்கள் 20 நிமிடத்தில் சேர்க்காதீர்கள். அது வேறு கணக்கு. அதில் வேலை ஓடும் என்று எதிர்பார்த்தால் இருவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும்.

பெரியவர்கள் ‘பேய் பொம்மை வீட்டுக்கு ஆகாது’ என்கிறார்களே?

என் அம்மாவும் சொன்னார். “வெள்ளிக்கெழம வெளக்கேத்துற எடத்துக்கு எதிர்ல கோரப்பல்லோட ஒன்ன நிக்க வச்சிருக்கியேப்பா.” பெட்டியை வேறு பக்கம் நகர்த்தினேன், அது சின்ன விஷயம். மனம் மாறியது நவராத்திரியில். அம்மாவின் கொலுப் பொம்மைகள் லிட்டில் இந்தியாவில் வாங்கியவை, களிமண். பல வருடம் காகிதத்தில் சுற்றி வைத்ததில் மயிலின் கழுத்து நீலம் உரிந்து மண் தெரிந்தது. உரிந்த ஓரத்தை மெல்லிய மணல்தாளால் தேய்த்து, பள்ளத்தை எபாக்சி புட்டியால் நிரப்பி, வெளிர் பச்சைநீலம் பூசி, அதன்மேல் நீர்த்த நீலத்தை மூன்று தடவை ஏற்றினேன். கடைசியில் அரைப்பளபளப்பு வார்னிஷ். களிமண் சாயத்தை உறிஞ்சும், அதனால் முதலில் பிரைமர் கட்டாயம். இப்போது அம்மாவே தெரிந்தவர்கள் வீட்டுச் செட்டியார் பொம்மையையும் அவர் மனைவியையும் வாங்கிவந்து என் தட்டில் வைத்துவிடுகிறார். என் படை வரிசையில் பின்னால் நிற்கிறது.

நம்மைப் போன்ற தோல் நிறம் எப்படிக் கொண்டுவருவது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மகிழ்ச்சி. குப்பியில் ‘தோல் நிறம்’ என்று எழுதியிருந்தால் உள்ளே பெரும்பாலும் இளஞ்சிவப்புதான் இருக்கும். மகள்தான் கேட்டாள், ஏன்ப்பா எல்லாரும் வெள்ளைக்காரங்களா இருக்காங்க என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை, சாயம் இருந்தது.

என் கலவை இது. அடியில் எரிந்த அம்பர் என்ற அடர் பழுப்பு. அதன்மேல், பள்ளங்களை விட்டுவிட்டு, செம்பழுப்பு. கன்ன மேடு, மூக்குத் தண்டு, நெற்றி, முட்டி ஆகிய இடங்களில் செம்பழுப்போடு மஞ்சள் காவி கலந்து ஏற்றுங்கள். வெள்ளையைக் கலந்து வெளுப்பாக்குவதுதான் பொதுவான தப்பு. கறுத்த தோலில் வெள்ளை கலந்தால் திருநீறு பூசியது போல் சாம்பல் தட்டும். காவியும் ஆரஞ்சும் கலந்தால் உயிர் வரும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், நீர்த்த ஊதாநீலம் வையுங்கள். நம் தோலில் ஒளி விழுந்தால் பளிச்சென்று சின்னதாக விழும், அதனால் கடைசி வெளிச்சப் புள்ளி ஊசிமுனை அளவுதான் இருக்க வேண்டும். உதட்டில் செம்பழுப்போடு கொஞ்சம் சிவப்பு, உள்ளங்கை சற்று வெளிர். சந்தேகம் வந்தால் விளக்கடியில் உங்கள் கையையே நீட்டிப் பாருங்கள், அதைவிட நல்ல மாதிரி எங்கே கிடைக்கும்?

இது பணக்காரர் பொழுதுபோக்கு அல்லவா?

தொடங்கும்போது ஆகும் செலவைவிட, பூசாமல் குவிக்கும் செலவுதான் அதிகம். நேரமில்லாதவன் அந்த ஏக்கத்தை வாங்கித் தீர்த்துக்கொள்வான். நானும் ஒரு வருட போனசில் அப்படி வாங்கியவை இன்னும் உறை பிரிக்காமல் கிடக்கின்றன. இப்போது தட்டில் உள்ள ஐந்தும் முடிந்தால்தான் அடுத்த பெட்டி. அடித்தட்டு அலங்காரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். கடற்கரை மணலை நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி உப்பு போக்கிக் காயவைத்தால் போதும். தேங்காய் நார் நல்ல காய்ந்த புல். தே வடிகட்டிய தூள் காட்டுச் சருகு போலவே இருக்கும், ஆனால் வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்திருக்க வேண்டும். ஒட்டிய பின் நீர்த்த வெள்ளைப் பசையை மேலேயும் விடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் உங்கள் வீரன் உண்மையான பூஞ்சைக் காட்டில் நிற்பான்.

நாற்பது வயதாகிறது, கண் தெரியவில்லை. விட்டுவிடவா?

படிக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தலையில் மாட்டும் உருப்பெருக்கி விலை குறைவுதான். பாதிப் பேருக்குக் கண்ணில் கோளாறே இல்லை, விளக்குதான் போதவில்லை. 5,000 கெல்வினுக்கு மேற்பட்ட வெள்ளை எல்.இ.டி. ஒன்றைப் பிரஷ் பிடிக்காத கையின் பக்கம் வையுங்கள்.

ஏர்பிரஷ் வாங்கினால் வேகமாகுமா?

ஏர்பிரஷ் என்பது காற்றழுத்தத்தால் சாயத்தைத் தூவும் கருவி. பூசுவது வேகமாகும். கழுவுவது ஆகாது. அடுக்குமாடியில் இரவு பத்து மணிக்கு அதற்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசர் உறுமினால் மேல் வீடும் கீழ் வீடும் கதவைத் தட்டும். தரை வீடும் ஞாயிறு மதியமும் இருப்பவர்கள் வாங்கலாம்.

மாதக்கணக்கில் தொடவே முடியவில்லை. மறுபடி எப்படித் தொடங்குவது?

போன வருடம் மகனுக்கு டெங்கி. அவன் தேறி வந்த கையோடு அம்மாவுக்கு முட்டியில் அறுவை. நடுவில் தொழிற்சாலையில் ஆள் குறைவு, ஓ.டி. ஐந்து மாதம் பெட்டி திறக்கவில்லை. அலமாரி உச்சியில் அது உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். இனி இது நமக்கு ஆகாது, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றும் தோன்றியது.

ஒரு மழை ராத்திரி மின்சாரம் போய் வந்தது. தூக்கம் கலைந்துவிட்டது, எல்லாரும் உறங்குகிறார்கள். பெட்டியை இறக்கினேன். ஈரத்தட்டு சொல்லும்படி இல்லை, ஸ்பாஞ்சோடு குப்பைக்குப் போனது. வெள்ளைக் குப்பி கட்டிதட்டியிருந்தது. மற்றவை குலுக்கியதும் சரியாகிவிட்டன. ஐந்து பொம்மைகளும் நான் விட்ட இடத்திலேயே, கொஞ்சம் தூசியோடு நின்றன. அவற்றின் காலடியில் அந்தத் துண்டுச் சீட்டு, என் கையெழுத்தில்: ‘தோள்பட்டை சிவப்பு, வலது இருவர் பாக்கி.’ ஒரு பழைய சோயாசாஸ் மங்கில் இரண்டு சொட்டுச் சிவப்பு விட்டேன். இரண்டு தோள்பட்டை, பதினோரு நிமிடம். எழுந்திருக்கும் முன் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்: ‘புது ஸ்பாஞ்ச் வாங்கணும். அப்புறம் பெல்ட்.’